ஆடாத கேமரா

பல்செட்காரருக்கு ஐம்பது தாண்டியதும் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்து பார்த்தார், ஒரு வாரத்தில் அலுத்துவிட்டது. நடக்கும்போது இரண்டு கையும் சும்மா தொங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை. பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் லேப்பில் பாதி ஆயுளைக் கழித்தவர். பிளாஸ்டர் அச்சின் மேல் மெழுகு வைத்து, அதில் ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, ஈறு சுருங்குகிற இடத்தைச் சின்னக் கத்தியால் செதுக்கியே பழகிய கைகள். எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால்தான் அவற்றுக்கு நிம்மதி.

சைக்கிள் ஓட்டலாம் என்றால் வீட்டில் இடமில்லை. அடுக்குமாடியில் மேல்தளம். வாசலைத் திறந்தால் ஒருவர் போனால் இன்னொருவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டிய நடை. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் விட்டால் காலையில் சக்கரம் இருக்காது. அப்போதுதான் மடக்கு சைக்கிள் ஒன்றைக் கடையில் பார்த்தார். நடுவில் ஒரு கீல், ஹேண்டில் தண்டின் அடியில் ஒரு கீல், உள்ளே இறங்கிக்கொள்ளும் சீட்டுக் கம்பி. மடக்கினால் செருப்பு அலமாரிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. அதை ஓட்டுவதைவிட மடக்கிப் பிரிப்பது அவருக்கு அதிகம் பிடித்தது என்று அவர் மனைவி சொல்வாள். அதில் பொய்யில்லை. கீல் மூடி, பூட்டு விழுந்து, 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அது வந்த பிறகும் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்.

குடியிருப்பின் பின்பக்கம் தார் ரோடு ஒரு காம்பவுண்டுச் சுவரோடு முடிந்துவிடும். அதற்கப்பால் மண் ரோடு. எப்போதோ கல் வெட்டி நிறுத்திவிட்ட குவாரி ஒன்றைச் சுற்றிக்கொண்டு ஏரிக்கரை வரை போகும். லாரிகள் ஓடி ஓடி அந்த ரோடு துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாக இருந்தது. ஓரங்களில் ஜல்லி. மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுதி. பெரிய சக்கரம் தாண்டிப்போகிற பள்ளத்தில் சின்னச் சக்கரம் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். நெட்டையான ஹேண்டில் தண்டு ஆடும். ஆட்டம் தோள்பட்டை வரை ஏறும். முதல் நாள் போய்வந்தபோது பல்லெல்லாம் கலகலத்துவிட்டது என்றார். "லேப்ல சொல்லி ஒரு செட் செஞ்சுக்குங்க," என்றாள் மனைவி.

ஆனாலும் விடவில்லை. கூட்டமில்லாத ரோடு அது ஒன்றுதான். போகப் போக அதன் சூட்சுமம் பிடிபட்டது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். ஜல்லி வந்தால் பிரேக்கைத் தொடாமல், கையைத் தளர்த்தி, வண்டியை அதன் போக்கில் விட்டார். சீட்டிலிருந்து லேசாக எழுந்து முழங்காலால் குலுக்கலை வாங்கிக்கொண்டார். கோழிக்குஞ்சு மாதிரி ஒரு வண்டியில் ஒரு கனத்த மனிதர் குதித்துக் குதித்துப் போவதைப் பார்த்து ஏரியில் மண் அள்ள எப்போதாவது வரும் லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்துச் சிரித்தார்கள். அவரும் கையைத் தூக்கிக் காட்டுவார்.

இதற்குள் சின்னவன் வந்து சேர்ந்தான்.

சின்னவன் அவர் மனைவியின் தம்பி. அம்மா போனபோது அவன் அரை டிரவுசர் போட்ட பையன். அக்கா கல்யாணமாகி வந்த வீட்டுக்கே அவனும் வந்துவிட்டான். இவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி யாராவது துக்கம் விசாரித்தால், அதான் ஒருத்தன் இருக்கானே என்பாள் அவள். அவனை வளர்த்ததில் பல்செட்காரருக்கும் பங்கு உண்டு. கல்லூரியில் பந்து விளையாடி முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்தபோது, மற்ற பற்களின் நிறத்தோடு ஒத்துப்போகும்வரை மூன்று தடவை அழித்துச் செய்து, தன் கையாலேயே ஒரு பல் செய்து கொடுத்தார். அவன் சிரித்தால் எது அசல் எது போலி என்று பல் டாக்டருக்கே தெரியாது.

அவனுக்கு எந்த வேலையும் ஒட்டவில்லை. ஜிம் என்றான், கேமரா என்றான், ட்ரோன் என்றான். கடைசியில் யூடியூபில் ஒரு சேனல் தொடங்கி வண்டிகளை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். பார்ப்பவர்கள் சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும்தான். தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தவன், ஒருநாள் சாப்பிட வந்தபோது மடக்கு சைக்கிளைப் பார்த்தான். அதில் அத்தான் குவாரி ரோட்டுக்குப் போகிறார் என்று அக்கா சொல்லக் கேட்டான். கையிலெடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டு, "அத்தான், இதை யாருமே பண்ணலை அத்தான்," என்றான்.

அடுத்த வாரமே அவனும் ஒன்று வாங்கினான். இருவரும் சேர்ந்து போனார்கள். சின்னவன் நெஞ்சில் ஒரு கேமரா, ஹெல்மெட்டில் ஒரு கேமரா, கையில் குலுங்காமல் படம் பிடிக்கும் கம்பியில் இன்னொன்று. ஏரிக்கரை, செம்மண் மேடு, குவாரிப் பள்ளத்தில் தேங்கிய பச்சைத் தண்ணீர் எல்லாவற்றிலும் அத்தான் குதித்துக் குதித்துப் போவார். சனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. யார் இந்த அத்தான் என்று கேட்டு எழுதினார்கள். மடக்கு சைக்கிள் செய்கிற கம்பெனி ஒன்று, எங்கள் வண்டியையும் இந்த ரோட்டில் ஓட்டிக் காட்டுங்கள் என்று இரண்டு புது வண்டிகளை அனுப்பியது. பல்செட்காரருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. லேப்பில் அவர் செய்த பல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஊரே சிரித்தாலும் செய்தவரை யாருக்கும் தெரியாது. இப்போது கடையில் முன்பின் தெரியாதவர்கள் "அத்தான்" என்று கூப்பிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வண்டிகளோடு குவாரிச் சரிவுக்குப் போனார்கள். சரிவு என்றால் மலையில்லை. லாரி ஏறி இறங்கிய ஒரு வளைவு. மேலே கட்டாந்தரை, நடுவில் ஜல்லி, கீழே புழுதி. பல்செட்காரர் ஒருமுறை இறங்கிக் காட்டினார். நன்றாகவே இறங்கினார். சின்னவனுக்குத் திருப்தியில்லை. வெயில் முகத்தில் விழவில்லை, இன்னொரு தடவை என்றான். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி மூச்சு வாங்கினார். அந்த நேரத்தில் சின்னவன் அவர் வண்டியை எடுத்து, ஹேண்டில் தண்டை மடக்கிப் பிரித்து, எவ்வளவு சுலபம் பாருங்கள் என்று கேமராவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். பிறகு வண்டியை நீட்டினான்.

"பூட்டு போட்டியாடா?"

"போட்டுட்டேன் அத்தான். ஏறுங்க, வெயில் போயிடும்."

அவர் ஏறினார். தட்டிப் பார்க்கவில்லை. ஜல்லி வந்ததும் வழக்கம்போலக் கையைத் தளர்த்திக்கொண்டு சீட்டிலிருந்து எழுந்தார். அவருடைய கனமெல்லாம் முன்னால் போன அந்தக் கணத்தில் ஹேண்டில் தண்டு கும்பிடு போடுகிற மாதிரி மடங்கிக்கொண்டது. பிடிக்க எதுவும் இல்லை. வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டுக்குள் காய்ந்த குச்சி முறிகிற சத்தம் கேட்டது. வலி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புழுதி அடங்குவதற்குள், "அத்தான், எந்திரிக்காதீங்க, அப்படியே இருங்க," என்று சின்னவனின் குரல் கேட்டது. அந்த நேரத்தில் அந்தக் குரல் அவருக்குத் தெம்பாக இருந்தது. எலும்பு முறிந்தவரை அசைக்கக்கூடாது என்பதெல்லாம் இவனுக்குத் தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டைத் திறந்து தகடு வைத்தார்கள். ஒரு நரம்பு நசுங்கியிருக்கிறது, தெளியலாம், தெளியாமலும் போகலாம் என்றார் டாக்டர். சின்னவன் ராப்பகலாகக் கூடவே இருந்தான். பழம் வாங்கிவந்தான், மருந்துக் கடைக்கு ஓடினான், தலையணையைச் சரிசெய்தான். மறந்துவிட்டேன் அத்தான், பூட்டு சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று அவனாகவே சொல்லிக் கண் கலங்கினான். அவர், விடு, நான் தட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்று அவனைத் தேற்றினார். அதோடு அவர் மனசில் அந்த விஷயம் முடிந்துபோயிற்று. உண்மையிலேயே முடிந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்த மனைவியின் சித்தியும் சித்தப்பாவும் வீடியோவைப் போடச் சொன்னார்கள். எந்த வீடியோ என்றார் இவர். அவர் விழுந்ததைச் சின்னவன் ஏற்றியிருக்கிறான் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊரெல்லாம் பார்த்தாயிற்று, லட்சக்கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது என்றாள் சித்தி. உங்களிடம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், வலியில் இருந்தீர்களே என்றாள் மனைவி. டிவியில் போட்டார்கள்.

வெயில் நன்றாக முகத்தில் விழுந்திருந்தது. அவர் இறங்கி வருகிறார், எழுகிறார், ஹேண்டில் மடங்குகிறது, விழுகிறார். சித்தப்பா சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இருமினார். அதையே மெதுவாக ஒரு தடவை, இசை போட்டு ஒரு தடவை காட்டியிருந்தான் சின்னவன். பல்செட்காரருக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. விழுகிறவனைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். அவர் பார்த்தது வேறு. படம் ஆடவில்லை.

கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் ஓடினால் படம் ஆடும். குலுங்காத கம்பியில் வைத்திருந்தாலும், ஓடினால் கொஞ்சமாவது ஆடும். இது ஆடவில்லை. அவர் விழுந்த பிறகு, தரையில் கையை அணைத்துக்கொண்டு சுருண்டு கிடப்பது அப்படியே தெளிவாக நின்றது. பிறகு படம் நிதானமாக, ஒரு வட்டம் போடுகிற மாதிரி, அவருடைய மறுபக்கத்துக்கு வந்தது. வெயில் இருக்கிற பக்கத்துக்கு. அப்போதுதான், "அத்தான், எந்திரிக்காதீங்க, அப்படியே இருங்க," என்ற குரல் வந்தது. அவர் முகம் திரை முழுக்க வந்து, வாயைத் திறந்து மூடியது. அதற்கப்புறம்தான் ஒரு கை சட்டகத்துக்குள் வந்தது.

எல்லோருக்கும் காபி வந்தது. இவர் குடிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு மனைவியிடம், "அவன் ஓடி வரலை," என்றார்.

அவள் தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். "ஓடி வந்திருந்தா மட்டும் கை உடையாம இருந்திருக்குமா?" என்றாள்.

கட்டுப் பிரித்தபோது மணிக்கட்டு மடங்கியது, நீண்டது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மரத்தாற்போல இருந்தன. மெழுகுக் கத்தியைப் பிடித்தால் பிடித்திருக்கிறோமா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஈறு வளைவைச் செதுக்கப் போய்ப் பல்லையே சீவிவிட்டார். லேப் முதலாளியம்மா நல்ல மனுஷி. கொஞ்ச நாளைக்கு நீங்கள் அச்சுக்குப் பிளாஸ்டர் கலக்குங்கள், பார்சல் பாருங்கள், கை சரியானதும் உங்கள் மேஜைக்கு வந்துவிடலாம் என்றாள். அந்த மேஜையில் அவரிடம் வேலை பழகிய பெண் ஒருத்தி உட்கார்ந்தாள். அவளும் வீடியோவைப் பார்த்திருந்தாள். அவரைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

இதற்கிடையில் கம்பெனிக்காரர்கள் சின்னவனைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். வீடியோவைப் பார்த்தவர்களில் பாதிப்பேர், இந்த வண்டி தானாகவே மடங்குகிறது, வாங்காதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். சின்னவன் பூட்டைத் திறந்து மூடிக் காட்டிய பகுதி வீடியோவில் இல்லை. அதை அவன் வெட்டியிருந்தான். ஆகவே கம்பெனி சொன்னது இதுதான்: வண்டியில் பழுதில்லை, பூட்டுத்தான் போடவில்லை என்று ஓட்டியவர் வாயாலேயே வரவேண்டும். வந்தால் வருஷம் முழுக்கச் சின்னவனோடு சேர்ந்து வேலை செய்வோம். இல்லாவிட்டால் இத்தோடு சரி.

சின்னவன் நேரடியாகக் கேட்கவில்லை. அக்காவிடம் சொன்னான். அவள் புருஷனிடம் சொன்னாள்.

"நீங்க மறந்துட்டதா ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். அவனுக்கு இப்பத்தான் ஒரு வழி தெரியுது."

நடந்ததைச் சொல்கிறேன் என்றார் அவர். பூட்டு விழவில்லை, அது உண்மை. வண்டியில் கோளாறு இல்லை, அதுவும் உண்மை. யார் பூட்டியது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அவனைக் குற்றம் சொல்லி அல்ல, உள்ளதை உள்ளபடி. அவள் யோசித்துவிட்டுத் தம்பியிடம் போனில் பேசினாள். அவன் சரியென்றுவிட்டானாம்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டிலேயே எடுத்தார்கள். கூடத்து நாற்காலியில் அவரை உட்காரவைத்துப் பின்னால் வண்டியை நிறுத்தினான் சின்னவன். ஜன்னல் வெளிச்சம் போதவில்லை. மனைவி விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அவருக்கு எதிரே நின்றாள். அவர் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னார்.

"வண்டில ஒரு குறையும் இல்லை. பூட்டு சரியா விழலை. எப்பவும் நான் தட்டிப் பார்ப்பேன், அன்னிக்குப் பாக்கலை. என் மச்சான் பூட்டிட்டேன்னு சொன்னான், அவன் சொன்னதை நம்பி ஏறிட்டேன்."

சின்னவன் கேமராவை அணைத்தான். பிறகு வந்து அவர் தோளைப் பிடித்து, ரொம்ப நன்றாக வந்திருக்கிறது அத்தான் என்றான். பையன் தாங்கிக்கொண்டானே என்று அவருக்கு இருந்தது. அன்று மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். சின்னவன் தன் பழைய ஜிம் கதைகளைச் சொல்லிச் சிரிக்கவைத்தான். அவரும் ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த இரவு மாத்திரை போடாமலே தூக்கம் வந்தது.

புதன்கிழமை லேப்பில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் போனைக் கொண்டுவந்து காட்டினாள். உங்கள் வீடியோ வந்திருக்கிறது என்றாள். சுத்தமான சட்டையில் அவர் உட்கார்ந்திருந்தார். வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றார். பூட்டு சரியாக விழவில்லை என்றார். எப்போதும் நான் தட்டிப் பார்ப்பேன், அன்றைக்குப் பார்க்கவில்லை என்றார். அதோடு அவர் போய்விட்டார். சின்னவன் வந்தான். அழகாகச் சிரித்துக்கொண்டே, பெரியவர்கள் இருக்கிற வீட்டில் வண்டியை அவர்கள் கையில் கொடுக்குமுன் நாம்தான் ஒருமுறை சரிபார்த்துக் கொடுக்க வேண்டும் என்று உபதேசம் செய்தான்.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தையையும் அவன் மாற்றவில்லை. கடைசியில் இருந்ததை மட்டும் எடுத்துவிட்டிருந்தான்.

கீழே எழுதியிருந்ததையும் படித்தார். இந்த வயசில் இதெல்லாம் எதற்கு, பாவம் அந்தத் தம்பி, அத்தானை வைத்துக்கொண்டு என்ன பாடு படுகிறாரோ என்று எழுதியிருந்தார்கள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சப் பார்சல்களைக் கட்டினார். இடது கையால் முடிச்சுப் போட இப்போது பழகியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவளும் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது.

"நீதானே லைட் பிடிச்சுக்கிட்டு நின்னே," என்றார். "நான் சொன்னதைக் கேட்டேல்ல?"

"கேட்டேன்."

"அவன் வெட்டப் போறது உனக்குத் தெரியுமா?"

அவள் ஒரு துண்டை உதறி, மடித்து, மேலே வைத்தாள். "தெரியும்," என்றாள். "முழுசாப் போட்டா அவனை யாரு நம்புவாங்க? உங்களைப் பத்தி நாலு பேர் நாலு விதமா எழுதினா உங்களுக்கு என்ன ஆகிடப் போகுது? நீங்க என்ன வாழ்க்கையை ஆரம்பிக்கவா போறீங்க?"

அவள் கோபத்தில் சொல்லவில்லை. கத்தியிருந்தால், நாளைக்கு ஆறிவிடும் என்று அவரும் விட்டிருப்பார். கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது என்கிற குரலில் சொன்னாள். அப்படியானால் சனிக்கிழமை அந்தச் சாப்பாட்டின்போது அவர் சிரித்ததை, இதெல்லாம் தெரிந்துகொண்டேதான் இவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீடியோவுக்குக் கீழே நடந்ததை எழுதலாமா, கம்பெனிக்குப் போன் செய்யலாமா என்றெல்லாம் சில நாள் யோசித்தார். எழுதினால் சின்னவன் பிழைப்பு போகும். மனைவி ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டாள். எழுதாவிட்டால் ஒன்றும் ஆகாது. அவர் எழுதவில்லை. அது பெருந்தன்மை என்று அவருக்கே தோன்றவில்லை.

சின்னவன் வழக்கம்போல வந்துபோனான். அவனுக்கு எந்த உறுத்தலும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒருநாள் புது மாதிரி வண்டியோடு வந்து, இதில் பூட்டு தானாகவே விழுந்துவிடும், அத்தான் திரும்ப வருகிறார் என்று ஒரு வீடியோ எடுப்போம், சனங்கள் அழுதுவிடுவார்கள் என்றான்.

"வேண்டாம்," என்றார் அவர்.

"ஏன் அத்தான், பயமா?"

"ஆமா," என்றார். அவன் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அடுத்த மாதமே பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பிடித்துவிட்டான். அவரையும் அத்தான் என்றே கூப்பிட்டான். அந்த மனிதர் மீசையை முறுக்கிக்கொண்டு செம்மண் மேட்டில் இறங்குவதை மனைவி சமையலறையில் போனைச் சாய்த்துவைத்துப் பார்ப்பாள். இவர் உள்ளே வந்தால் சத்தத்தைக் குறைப்பாள், அணைக்கமாட்டாள்.

பல்செட்காரர் தன் பழைய வண்டியில் மறுபடி அந்த ரோட்டுக்குப் போக ஆரம்பித்தார். வலது பிரேக்கை அழுத்த விரல் ஒத்துழைக்காததால் மேடு பள்ளமெல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டே போனார். தட்டையான இடத்தில் மட்டும் ஏறினார். ஓட்டியதைவிட நடந்ததுதான் அதிகம். ஒருநாள் ஏரிக்கரையைத் தாண்டி, இதுவரை போகாத பக்கமாக, வண்டித் தடம் மட்டும் இருக்கிற ஒரு பாதையில் போய்க்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க? தம்பி சாப்பிட வந்திருக்கான். உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கான்."

"நீங்க சாப்பிடுங்க," என்றார்.

பாதை போய்க்கொண்டே இருந்தது. ஜல்லி கரகரத்தது. குலுக்கல் தோள்பட்டை வரை ஏறியது. மரத்த விரல்களுக்கு மட்டும் தெரியவில்லை. பொழுது சாயும்வரை போனார். திரும்பி வந்தபோது சின்னவன் போயிருந்தான். வண்டியை மடக்கி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தார். மேஜையில் அவருடைய சாப்பாட்டைத் தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தாள் மனைவி. உட்கார்ந்து சாப்பிட்டார். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றார். நாளைக்குக் காலையில் தண்ணீர் வராதாம், இப்போதே பிடித்து வைத்துவிடலாம் என்றாள். அவர் எழுந்து கை கழுவிவிட்டு, இடது கையால் வாளியைத் தூக்கிக் குழாயடியில் வைத்தார்.